மாவீரர் கதைகளும் மட்டாஞ்சேரியும்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைக்குள் புகுவோர் சற்று நேரம் பேச்சற்று நின்றுவிடுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். தயரதன் வேள்வி செய்வது முதல் இராமன் அயோத்திக்கு மீள்வது வரை கதை முழுவதும் அங்கே சுவரிலே ஓடுகிறது. காவியும் மஞ்சளும் பச்சையுமாய் உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அரண்மனையைக் கட்டியவர் போர்த்துகீசியர்; ஆண்டு 1555 என்பர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டனர். பெயரையும் அவர்களே தட்டிக்கொண்டனர். இன்றும் அதற்கு ‘டச்சு அரண்மனை’ என்றே வழக்கு. கட்டியவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன்!

அங்கே நம்முடன் வந்திருந்த நண்பரின் மகன், ஓவியங்களை அண்ணாந்து பார்த்தபடி, “இதற்கு அடுத்த பாகம் எங்கே?” என்று கேட்டான். சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி நெஞ்சை விட்டு அகலவில்லை. அவன் வளர்ந்தது சூப்பர் ஹீரோ படங்களின் காலம். ஒரு படம் முடிந்து பெயர்கள் ஓடிய பின்னும் இருக்கையை விட்டு எழாமல், அடுத்த படத்திற்கான துண்டுக் காட்சிக்குக் காத்திருக்கும் தலைமுறை அது. 2008-இல் ‘அயர்ன் மேன்’ என்ற படத்தில் தொடங்கிய மார்வெல் வரிசை, 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வந்தபோது 22 படங்களாக வளர்ந்திருந்தது. இவை திரைக்கலையே அல்ல, கேளிக்கைப் பூங்காவை ஒத்தவை என்ற கருத்தை அதே ஆண்டில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி கூற, உலகெங்கும் வாதம் மூண்டது. இவை வேண்டுமா வேண்டாமா என்று நேயர்களின் இல்லங்களிலும் தந்தைக்கும் மகனுக்கும் வழக்கு நடந்திருக்கலாம்.

தொடராக வரும் மாவீரர் கதை மேனாட்டார் கண்டுபிடித்த சரக்கு என்று எண்ணிவிட வேண்டா. கொட்டாரக்கரைத் தம்புரான் இராமனது கதையை எட்டு இரவுகளில் ஆடத்தக்க எட்டு ஆட்டக்கதைகளாக வகுத்தார். கதகளியின் வேர் அங்கே இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களிலோ தோற்பாவைக் கூத்து 7, 14, 21 என இரவுக்கணக்கில் நடைபெறும். விளக்கொளியில் அசையும் பாவைகளுக்குப் பின்னே ஒலிப்பன கம்பனின் தமிழ்ப் பாடல்கள்! காண ஆளில்லாத இரவுகளிலும் கூத்து நிற்பதில்லை. தாரகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராவணனது வீழ்ச்சியைக் காணாது போன பத்திரகாளிக்காகவே அது ஆடப்படுகிறது என்பது நம்பிக்கை. கட்டணம் செலுத்தாத இரசிகை அவள். ஆயினும் ஓர் இரவும் தவறாது வருபவள்.

ஆனால் இன்றைய படவரிசைகளுக்கு மிக நெருங்கிய உறவு மட்டாஞ்சேரியைச் சூழ்ந்த கடற்கரையிலேயே இருக்கிறது. அதன் பெயர் சவிட்டு நாடகம். சவிட்டுதல் என்றால் மிதித்தல். இலத்தீன் கிறித்தவ மக்கள் திருவிழா நாட்களில் பலகை பரப்பிய மேடையேறி, ஐரோப்பிய அரசர், படைத்தலைவர் கோலத்தில் மின்னும் உடை தரித்து, செண்டையின் தாளத்துக்கேற்பப் பலகை அதிர மிதித்து ஆடுவர். போர்த்துகீசியர் காலத்தில் உருக்கொண்ட கலை இது. அதன் தலையாய நாடகம் ‘காறல்மான் சரிதம்’. 800-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் உரோமையில் பேரரசராக முடிசூட்டப்பட்ட சார்லமேன் மன்னரே அந்தக் காறல்மான். அவருடைய பன்னிரண்டு வீரர்களுள் தலைவன் ரோல்தான். முழுக் கதையையும் ஆடப் பல இரவுகள் வேண்டும்.

இதில் தமிழர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. நாடகத்தின் மொழி தமிழ். மலையாளம் கலந்த தமிழ் என்பது இன்னும் பொருந்தும். இதனை இயற்றியவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பது செவிவழிச் செய்தி. அண்ணாவி என்ற சொல்லே சான்று கூறுகிறது. ஈழத்தில் கூத்துப் பயிற்றுவிக்கும் ஆசிரியரை அண்ணாவியார் என்றே இன்றும் அழைக்கிறார்கள். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனும் இங்கே ‘கட்டியக்காரன்’ ஆக வந்து, நகைச்சுவையோடு கதையை எடுத்துரைக்கிறான். பிரான்சு நாட்டு மன்னன், போர்த்துகீசியர் கொணர்ந்த கதை, தமிழ் வசனம், மலையாளக் கடற்கரை! சபீனா ராஃபி அம்மையார் 1964-இல் இக்கலையைப் பற்றி மலையாளத்தில் ஆராய்ச்சி நூல் வெளியிட்டிராவிடில் இவற்றுள் பல செய்திகள் காற்றோடு போயிருக்கும்.

இத்தகைய தொடர்க்கதைகளின் வலிமை யாது? நமக்குத் தோன்றுவது பழக்கம். ரோல்தான் யார் என்று இங்கே எவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. அவன் மேடையேறிய முதல் மிதியிலேயே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தெரிந்த வீரனைப் புதிய நெருக்கடியில் காண்பது தனியின்பம். 2025 ஆகஸ்டு 28-ஆம் நாள், ஓணத்தையொட்டி வெளிவந்த ‘லோகா’ என்ற மலையாளப் படம் உலகெங்கும் 300 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியதற்கும் இதுவே காரணம் என்பது நம் கருத்து. டொமினிக் அருண் இயக்கிய அப்படத்தின் நாயகி, வெளிநாட்டுப் படக்கதைப் புத்தகத்திலிருந்து வந்தவள் அல்லள். பாட்டிமார் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்திய கள்ளியங்காட்டு நீலி. பழையனூர் நீலியைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கும் அவள் அயலாள் அல்லள். பழிவாங்கும் யட்சியாக இருந்தவள் படத்தில் எளியோரைக் காப்பவளாக மாறுகிறாள்.

குறைகளும் உள. முதலாவது, சாவுக்கு மதிப்பின்மை. ‘எண்ட்கேம்’ படத்தில் அயர்ன் மேன் மாண்டபோது அரங்குகள் விம்மின. 2024-இல் அதே நடிகர் வேறொரு வேடத்தில், அதுவும் பகைவனாகத் திரும்பி வருவார் என்று அறிவித்தார்கள். அன்று சிந்திய கண்ணீரை இனி எந்தக் கணக்கில் எழுதுவது? சவிட்டு நாடகத்திலும் ரோல்தான் ஆண்டுதோறும் மாள்கிறான், மறு ஆண்டு மீண்டும் வருகிறான். ஆயின் அங்கே நடப்பது வேறு. கதை அவன் சாவில் முடிகிறது. அதை யாரும் மாற்றி எழுதி அடுத்த பாகம் விற்பதில்லை. முடிவு தெரிந்தே அழுகிறார்கள்.

இரண்டாவது குறையில் பழையதும் புதியதும் ஒரே கட்சி. அது பகைவனைப் படைக்கும் முறை. வரலாற்றில் 778-ஆம் ஆண்டு, பிரெனீசு மலைக் கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கி ரோல்தானைக் கொன்றவர்கள் பாஸ்கு மக்கள். பிற்காலப் பாடல்களோ அவர்களை நீக்கிவிட்டு முஸ்லிம் படையை அங்கே நிறுத்தின. அக்கதையே இங்கு வந்து சேர்ந்தது. மட்டாஞ்சேரியிலோ யூதர் வழிபாட்டிடமும், மசூதியும், கொங்கணியர் கோயிலும், கச்சு மேமன் வணிகர் வீடுகளும் கூப்பிடு தொலைவில் உள்ளன. சற்று அப்பால் வெளியில் உள்ள தோபிகானாவில் தமிழ்க் குடும்பங்கள் துணி வெளுக்கின்றன. இத்தகைய ஊரில் ‘துருக்கன்’ என்றாலே கெட்டவன் என ஆடுவது நெருடாதா? இன்று சில குழுக்கள் வேறு கதைகளையும் எடுத்து ஆடுவது நல்ல மாற்றம்.

இவ்வகையில் 2021-இல் வந்த ‘மின்னல் முரளி’யை நாம் உயர்வாக மதிக்கிறோம். ஒரே மின்னல் இருவரைத் தாக்குகிறது. ஒருவன் வீரனாகிறான்; ஊரார் பைத்தியக்காரன் என ஒதுக்கிய மற்றவன் பகைவனாகிறான். அந்த ஷிபு வேடத்தில் நடித்தவர் மதுரைக்காரரான குரு சோமசுந்தரம். படம் முடிந்து இரண்டு நாட்கள் நம் நினைவில் நின்றது வீரனின் முகம் அன்று, அவருடைய முகமே.

அண்மையில் ஒரு மாலை, கடலோரக் கொட்டகை ஒன்றில் நடந்த ஒத்திகைக்குச் சென்றிருந்தோம். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், பதினாறு வயதிருக்கும், ஸ்பைடர் மேன் படம் பொறித்த சட்டையோடு ரோல்தான் வேடத்திற்குப் பயின்றுகொண்டிருந்தான். நாம் தமிழர், அதிலும் மொழிபெயர்ப்பே தொழில் என்று ஆசான் சொல்லவும் ஓடிவந்தான். “சாரே, இதில் அரசர் தூதனைப் பார்த்து ‘விளம்பு’ என்கிறாரே. அவர்களுக்குப் பசியா?” என்றான். மலையாளத்தில் விளம்புதல் உணவு பரிமாறுதல். ஓராண்டாக, பேரரசர் தூதனிடம் சோறு கேட்பதாக எண்ணியே அவன் கம்பீரமாக மிதித்து வந்திருக்கிறான்! ‘சொல்’ என்பதே அதன் பொருள் என்று விளக்கினோம். ஆசானும் அப்போதுதான் சுவடியை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

பையன் மறுபடி பலகையேறினான். இம்முறை தூதனை நேரே நோக்கி, விடைக்காகச் சற்று நிறுத்தி, பிறகு மிதித்தான். ஆசான் தாளத்தை நிறுத்தாமல், அடுத்த ஏட்டில் நமக்குக் காட்ட இன்னும் நான்கு சொற்கள் இருப்பதாக விரலால் சைகை செய்தார்.