தேசிங்கு ராஜாவும் ஆற்காட்டு இளவரசரும்

என் பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் என்ற இடத்தில் 'தென்னாற்காடு' என்று இருக்கும். ஊர் திண்டிவனம். சின்ன வயசில் எனக்கு இது புரிந்ததே இல்லை. ஆற்காடு எங்கேயோ வேலூர் தாண்டாமல் பாலாற்றங்கரையில் இருக்கு. அந்த ஊர்ப் பேரை எங்க தலையில எதுக்குக் கட்டினாங்க? அப்பாவைக் கேட்டால், "நவாப்பு ஆண்ட பூமிடா இது" என்பார். அவ்வளவுதான்.

நவாப் என்றால் எங்க பக்கம் ஒரே அர்த்தம்தான்: தேசிங்கு ராஜாவைக் கொன்றவர். செஞ்சிக் கோட்டைக்கு ஸ்கூலில் டூர் கூட்டிப் போனபோது வாத்தியார் சொன்ன கதையில் ஒரு பக்கம் தேசிங்கு, அவன் குதிரை பாராசாரி, நண்பன் மாவுத்துக்காரன். எதிர்ப்பக்கம் ஆற்காட்டு நவாப். யார் பக்கம் கை தட்டணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறகு வேலைக்குச் சென்னை வந்து பல வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. ராயப்பேட்டையில், பாரதி சாலை பக்கம் போனால் அமீர் மகால் என்று பெரிய சிவப்பு மாளிகை ஒன்று இருக்கிறது. அங்கே 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டத்தோடு ஒருவர் இருக்கிறார். கதையில் இல்லை, இப்போது. இந்திய அரசு அந்தப் பட்டத்தை அங்கீகரிக்கிறது, அரசியல் ஓய்வூதியம் என்ற பெயரில் ஒரு தொகையும் தருகிறது. தமிழக அரசு விழாக்களில் மாநில கேபினெட் அமைச்சருக்குச் சமமான மரியாதை. 1971லேயே ராஜா மானியமெல்லாம் ஒழிஞ்சு போச்சே, இவருக்கு மட்டும் எப்படி? கொஞ்சம் எரிச்சலோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தேசிங்கு. உண்மைப் பெயர் தேஜ் சிங். புந்தேல ராஜபுத்திரன். அவன் அப்பா சொரூப் சிங், முகலாயர் செஞ்சியைப் பிடித்த பிறகு அந்தக் கோட்டையின் பொறுப்பில் இருந்தவர். அப்பா இறந்ததும் மகன் கோட்டை தனக்குத்தான் என்று உட்கார்ந்தான். நவாப் சாதத்துல்லா கான் பார்வையில் அது பரம்பரைச் சொத்து இல்லை. பேரரசர் கொடுத்த உத்தியோகம். கட்ட வேண்டிய பாக்கியும் நின்றது. 1714 அக்டோபரில் சண்டை. சில நூறு குதிரை வீரர்களோடு பெரிய படை மீது பாய்ந்து செத்தான், வயது 22 இருக்கும். கதைப்பாட்டு இதை வீரமாகப் பாடியது, அதில் தப்பில்லை. ஆனால் அடியில் ஓடுகிற கேள்வி வேற: ஒருத்தனை ராஜா என்று யார் ஒப்புக்கொள்ள வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், கேள்வி கேட்ட நவாப்பும் நியமன ஆள்தான். டெல்லிக்குக் கீழே தக்காண சுபேதார், அவருக்குக் கீழே கர்நாடக நவாப். டெல்லி தளர்ந்ததும் அந்தப் பதவியும் சத்தமில்லாமல் பரம்பரையாகிவிட்டது. தேசிங்கு செய்யப் பார்த்ததையே ஆற்காடு செய்தது. ஆற்காட்டிடம் படை இருந்தது.

அடுத்த ஐம்பது வருஷம் எங்க பக்கம் நடந்ததெல்லாம் பாடப் புத்தகத்தில் 'கர்நாடகப் போர்கள்' என்று ஒரு பத்தியாக வரும். ஊர்ப் பெயர்களாகச் சொன்னால்தான் நமக்கு உறைக்கும். 1750ல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்தார்கள். 1752ல் விக்கிரவாண்டியில் ஆங்கிலப் படை அடி வாங்கியது. (இன்றைக்கு நாம் டோல்கேட்டில் வரிசையில் நிற்கிற அதே விக்கிரவாண்டிதான்.) 1760 ஜனவரியில் வந்தவாசி. அதே வருஷம் திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் மலைக்கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1761ல் செஞ்சி.

இதற்கெல்லாம் செலவு யார்? ஆங்கிலேயர் தயவில் நவாப் ஆன முகமது அலி வாலாஜா. படைச் செலவை அவர் கணக்கில் எழுதினார்கள். அவரிடம் காசில்லை, சென்னையில் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்கு வாங்கினார். ஈடாகக் கொடுத்தது நிலவரி வருமானம். அதாவது பெருமுக்கலிலும் விழுப்புரத்திலும் உழுதவன் கட்டின கிஸ்தி, பால் பென்ஃபீல்டு மாதிரி ஆட்களுக்கு வட்டியாகப் போனது. இந்த நாற்றம் லண்டன் வரை அடித்து, 1785ல் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் ஆற்காட்டு நவாப்பின் கடன் பற்றித் தனியாக ஓர் உரையே ஆற்றினார். எங்க ஊர் வரிப்பணம் அங்கே விவாதமாகியிருக்கிறது. எங்க ஊர்க்காரன் ஒருத்தனுக்காவது அது தெரிந்திருக்குமா?

முகமது அலி 1795ல் இறந்தார். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவோடு நவாப் குடும்பம் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததாகச் சொல்லிக் காகிதங்களைக் காட்டினார்கள். 1801 ஜூலையில் அடுத்த நவாப் உம்தத்துல் உமராவும் இறந்ததும் வேலை சுலபமாயிற்று. அவர் மகன் நாட்டை எழுதிக் கொடுக்க மறுத்தார். மறுக்காத இன்னொருவரை, அசீமுத்தௌலாவைத் தேடி உட்கார வைத்தார்கள். நிர்வாகமும் வரி வசூலும் முழுக்கக் கம்பெனிக்கு. நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நவாப்புக்கு. நவாப்பின் நிலத்தைப் பிரித்துப் பேர் வைத்தபோதுதான் எங்களுக்குத் தென்னாற்காடு கிடைத்தது. சான்றிதழில் இருந்த அந்த வார்த்தை ஒரு கைமாற்றுப் பத்திரத்தின் மிச்சம்.

1855 அக்டோபரில் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளை இல்லாமல் இறந்தார். டல்ஹவுசி காலம். வாரிசு இல்லை, பட்டம் காலாவதி என்று முடித்தார்கள். அதே அக்டோபர் மாதம் தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் சிவாஜியும் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அங்கேயும் அதே கதை. தஞ்சை அரசி லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடித் தோற்றார். ஆற்காட்டில் கௌஸ் கானின் சித்தப்பா அசீம் ஜா விடாமல் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். சேப்பாக்கம் அரண்மனையும் இதற்குள் அரசாங்கத்திடம் போய்விட்டது. கடைசியில் 1867ல் விக்டோரியா மகாராணி பெயரில் ஒரு சமரசம்: நவாப் பட்டம் கிடையாது, 'அமீரே ஆற்காடு', அதாவது ஆற்காட்டு இளவரசர் என்ற புதுப் பட்டம், பரம்பரையாக ஓய்வூதியம். நிலம் ஒரு சென்ட்கூட இல்லை. 1876ல் குடும்பம் அமீர் மகாலுக்குக் குடிவந்தது.

இனி 1971. மன்னர் மானியம் என்பது 1947ல் நாடு வைத்திருந்து, இந்தியாவோடு இணைந்து, அதற்காக ஒப்பந்தம் போட்ட சமஸ்தானாதிபதிகளுக்கு. அரசியல் சட்டத்தின் 291, 362 பிரிவுகள் அவர்களுக்கானவை. இந்திரா காந்தி அரசு 1970ல் கொண்டு வந்த திருத்தம் ராஜ்யசபாவில் மயிரிழையில் தோற்றது. குடியரசுத் தலைவர் உத்தரவு மூலம் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. பிறகு 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தம் அந்த இரண்டு பிரிவுகளையும் எடுத்துவிட்டது.

ஆற்காடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. 1947ல் இணைக்க அவரிடம் நாடே கிடையாது, அதனால் ஒப்பந்தமும் கிடையாது. பிரிட்டிஷ் அரசு வாக்குக் கொடுத்த பழைய ஓய்வூதியக் கடன் இந்திய அரசு தலையில் வந்தது. அது வேற கணக்கு. 18ஆவது பிரிவு அரசு பட்டம் 'வழங்கக் கூடாது' என்கிறது. இது ஏற்கனவே வழங்கியது. எங்க தொழிலில் பழைய சிஸ்டத்தை அணைத்த பிறகும், லிஸ்ட்டில் பேர் இல்லாததால் ஏதோ ஒரு சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். அதேதான்.

பக்கத்தில் புதுக்கோட்டையை வைத்துப் பாருங்கள். நிஜமாகவே 1948 மார்ச் வரை நாட்டை வைத்திருந்த ராஜகோபாலத் தொண்டைமான், நாட்டை ஒப்படைத்தார், வாக்குறுதி அரசியல் சட்டத்திலேயே இருந்தது. 1971ல் அது போயிற்று. அவர் கொடுத்த அரண்மனைதான் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ். 170 வருஷம் முன்னாடியே எல்லாவற்றையும் இழந்தவர் குடும்பத்துக்குப் பட்டம் நிற்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் ஆரம்பத்தில் இருந்த எரிச்சலும் இப்போது இல்லை.

வெளிநாட்டிலும் இந்த மாதிரி நிறைய உண்டு. உகாண்டா 1967ல் மன்னர்களை ஒழித்து, 1993ல் புகாண்டா கபாகாவைப் பண்பாட்டுத் தலைவராக மட்டும் திரும்பக் கொண்டுவந்தது. குடியரசு என்று மார் தட்டுகிற பிரான்ஸ், பசிபிக்கில் வாலிஸ்–புட்டுனா தீவுகளில் மூன்று மன்னர்களை அங்கீகரிக்கிறது. இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா சுல்தானே மாகாண கவர்னர். அங்கெல்லாம் மக்கள் அந்த ராஜாவைத் தங்கள் ஆள் என்று நினைக்கிறார்கள். நம்மிடம் அப்படி இல்லை. திண்டிவனத்தில் நின்று ஆற்காட்டு இளவரசர் யார் என்று கேட்டால் பத்தில் ஒருத்தர் சொன்னாலே அதிசயம். கிடங்கில் கோட்டை ஆண்ட நல்லியக்கோடனைக் கேட்டால் அதைவிடக் குறைவு, அது வேற சோகம்.

1993 செப்டம்பரில் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. எங்க விலாசத்திலிருந்து ஆற்காடு போனது. அதே 1993ல்தான் இப்போதைய இளவரசர் முகமது அப்துல் அலி, தன் தந்தைக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தார்.

2019ல் வேலூரையும் பிரித்தார்கள். தேசிங்கு இறந்ததும் உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாக, அந்த நவாப்பே பாலாற்றின் எதிர்க்கரையில் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா.