கொடி காட்டப்படாத வெற்றி: வெண்டல் ஸ்காட்டின் கதை

கார் பந்தயத்தில் நமக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நம் மாவட்டத்தில் பந்தயம் என்றால் தை மாதத்து எருது விடும் விழாதான். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த வினாடியில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. கார் பந்தயமோ காசுள்ளவர்களின் ஆட்டம். தமிழ்நாட்டில் அது அப்படித்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950களில் பந்தயங்கள் நடக்கத் தொடங்கின. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. பின்னாளில் கோவை ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பலருக்குக் கதவைத் திறந்துவிட்ட நல்ல முயற்சி அது. ஆனாலும் சோழவரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் ராஜ குடும்பத்தினர், ஆலை முதலாளிகள், பெரிய கம்பெனி அதிகாரிகள். எஞ்சினுக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்தவர்கள் வேறு.

அந்த ஸ்பேனர் பிடித்தவரே ஸ்டியரிங்கையும் பிடித்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் ஒருவர் அதைச் செய்து பார்த்தார். அவர் பெயர் வெண்டல் ஸ்காட்.

1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் பிறந்தார். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கடைசித் தலைநகரம் என்று அந்த ஊருக்கு இன்றும் ஒரு பெயர் உண்டு. ஊரின் பிழைப்பு இரண்டு: புகையிலை, பஞ்சாலை. கறுப்பர்களுக்கு அங்கே கிடைத்தது கடைநிலை வேலை, அதற்கும் மேலே ஒரு வெள்ளை மேஸ்திரி. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற டேனரிக்கே மகனும் போவான் என்று ஊர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். டேனரிக்குப் போகமாட்டேன் என்று ஒரு பையன் சொன்னால் அது சோம்பேறித்தனம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஸ்காட் ஆலைக்குப் போகவில்லை. அவருடைய அப்பா வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியவர், வண்டி வேலை தெரிந்தவர். மகன் அவரிடம் தொழிலைக் கற்றார். டாக்சி ஓட்டினார். போர்க்காலத்தில் ராணுவத்தில் மெக்கானிக்காக ஐரோப்பாவில் இருந்தார். அப்போது அமெரிக்க ராணுவத்திலேயே கறுப்பருக்குத் தனிப் படைப்பிரிவுதான். ஹிட்லரின் இனவெறியை ஒழிக்கப் போன படை அது. ஊர் திரும்பிச் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட் போட்டார். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் நம் பையன்கள் நடத்தும் ஷெட்டுகளைப் போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் போதாமல் இரவில் கள்ளச் சாராயமும் கடத்தினார். இதை மறைத்து அவரைப் புனிதராக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அந்தக் காலத்துத் தென் மாநிலப் பந்தய வீரர்களில் பலர், வெள்ளையர்கள் உட்பட, சாராய வண்டி ஓட்டித்தான் வேகம் கற்றார்கள். போலீஸ் காரை முந்துவதற்காகச் சாதாரணக் காரின் எஞ்சினை முடுக்கிவிடும் அந்த வித்தையிலிருந்துதான் நாஸ்கார் பந்தயமே வளர்ந்தது.

அவர் பந்தயத்துக்குள் வந்த கதை வேடிக்கையானது, கசப்பானதும்கூட. 1952இல் டான்வில் பந்தயத்தளத்தை நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. வெள்ளையர்களோடு ஒரு கறுப்பனை ஓடவிட்டால் டிக்கெட் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல வேகமாக ஓட்டும் கறுப்பன் யார் என்று போலீசிடமே விசாரித்தார்கள். துரத்தித் துரத்திக் களைத்த போலீஸ் ஸ்காட்டின் பெயரைச் சொன்னது. அந்த ஆண்டு மே மாதம், வேடிக்கைப் பொருளாகத்தான் அவர் தளத்தில் இறக்கப்பட்டார். கூட்டத்தில் ஒரு பகுதி அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது.

ஆனால் அவர் வேடிக்கை காட்டிவிட்டு வீடு திரும்பவில்லை. பக்கத்து மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் நகரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குத் தன் காரை இழுத்துக்கொண்டு போனார். கறுப்பருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வழியெல்லாம் அழுதார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு சின்னச் சின்ன ஊர்த் தளங்களில் ஓடினார், ஜெயித்தார், கடைசியில் ரிச்மண்டில் ஒரு நாஸ்கார் அலுவலர் மூலம் உரிமம் வாங்கினார். 1959இல் வர்ஜீனியா மாநிலச் சாம்பியன் பட்டம் பெற்றார். 1961 மார்ச் 4 அன்று, தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில், நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் முதல் முறை ஓடினார். அப்போது வயது 39. மற்ற வீரர்கள் உச்சத்தைத் தாண்டும் வயது.

பணக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். முன்னணி வீரர்களுக்குக் கார் கம்பெனியின் ஆதரவும் விளம்பரதாரரும் சம்பள மெக்கானிக்குகளும் இருந்தார்கள். ஸ்காட்டுக்குப் பெரிய விளம்பரதாரர் யாரும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஓட்டிக் கழித்த கார், தேய்ந்த டயர், இரண்டாம் கை எஞ்சின். பிட்டில் அவருக்கு வேலை செய்தவர்கள் அவருடைய மகன்கள். போகும் வழியில் கறுப்பருக்கு அறை தரும் விடுதி கிடையாது, உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் கிடையாது. தென் கரோலினாவின் டார்லிங்டன் தளம் பல ஆண்டுகள் அவரை உள்ளேயே விடவில்லை. இப்படித்தான் அவர் 495 போட்டிகளில் ஓடினார். 147 முறை முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். 'திறமைக்கு எந்தத் தடையும் இல்லை' என்று நம்மிடம் வகுப்பெடுப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டலாம். தேய்ந்த டயரில் 147.

அந்த 495இல் வெற்றி ஒன்றே ஒன்று. அதுவும் எப்படி வந்தது என்று பாருங்கள்.

1963. ஜூன் 10 அன்று அவருடைய டான்வில் நகரிலேயே உரிமை கேட்டு நின்ற கறுப்பின மக்கள் மீது போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி, தடியால் அடித்து விரட்டியது. ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரை. டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், அரை மைல் மண் தளத்தில், 200 சுற்றுப் பந்தயம். ஸ்காட்டின் வண்டி நெட் ஜாரெட் என்ற வீரரிடம் வாங்கிய பழைய செவ்ரோலே, எண் 34. கடைசி 25 சுற்றுகள் இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டியை முந்தி முதலிடத்துக்கு வந்தார். 200 சுற்று முடித்தார். கொடி அசையவில்லை. 201 ஓடினார். 202 ஓடினார். அப்போதும் இல்லை. அவரைவிட இரண்டு சுற்று பின்தங்கியிருந்த பக் பேக்கருக்குக் கொடி காட்டினார்கள். பேக்கர் மேடை ஏறினார், கோப்பையை வாங்கினார், வழக்கப்படி அழகிப் போட்டிப் பெண்ணின் முத்தத்தையும் பெற்றார்.

ஸ்காட் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். பல மணி நேரம் கழித்து, கூட்டமும் நிருபர்களும் கலைந்துபோன பிறகு, 'எண்ணிக்கையில் பிழை, வென்றது ஸ்காட்தான்' என்றார்கள். பரிசுப் பணம் கொடுத்தார்கள். கோப்பை பேக்கரோடு போய்விட்டது. சில வாரங்கள் கழித்து ஸ்காட் கையில் கிடைத்தது மலிவான ஒரு மரத்துண்டுக் கோப்பை. சுற்றுகளைக் கையால் எண்ணிய காலம் அது, பிழைகள் நடந்ததுண்டு. ஆனால் இரண்டு சுற்று வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலா போகும்? மேடையில் ஒரு கறுப்பர் வெள்ளைப் பெண்ணை முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் கடைசிவரை நம்பினார். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். தளத்தில் ஓடியது 34 என்ற எண், ஹெல்மெட்டுக்குள் ஒரு தலை. மேடையிலோ ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும்.

இங்கே பல்வங்கர் பாலூவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோல் தொழில் சாதியில் பிறந்தவர், புனே கிளப்புகளில் ஆடுகளம் பெருக்கி, வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசிக் கற்றவர். ஆங்கிலேயரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். இத்தனைக்கும் அந்தப் பந்தே தோல். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அணித்தலைவர் பதவி அவருக்கு வரவேயில்லை; 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஸ்காட்டின் நிறத்தைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம், நம் சாதியை ஊரையும் தெருவையும் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆனால் உழைப்பை எடுத்துக்கொண்டு மேடையை மறுக்கும் முறையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பியக் கடைக்குப் போகிறது. தைத்த கைக்கு உள்ளூர்த் தெருவில் என்ன மரியாதை என்பது உங்களுக்கே தெரியும்.

1966இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஸ்காட் ஆறாம் இடம் பிடித்தார். அடுத்த மூன்று ஆண்டுகளும் முதல் பத்துக்குள் இருந்தார். 1973 மே மாதம், கடன் வாங்கி ஒரு நல்ல மெர்க்குரி காரை வாங்கி, அலபாமாவின் டல்லடேகா தளத்தில் இறங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதிய விபத்தில் சிக்கி விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் காலும் முறிந்தன. கார் போனது, கடன் நின்றது. அந்த ஆண்டு இன்னும் ஒரே ஒரு முறை ஓடிவிட்டு டான்வில் ஷெட்டுக்குத் திரும்பினார். 1977இல் அவர் வாழ்க்கையை வைத்து ஒரு படம் வந்தது, ரிச்சர்ட் பிரையர் நடித்தார். 1990 டிசம்பர் 23 அன்று ஸ்காட் இறந்தார்.

2015இல் நாஸ்கார் அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டங்களுக்குப் பிறகு, பப்பா வாலஸ் என்ற கறுப்பின வீரர் வலியுறுத்த, பந்தயத்தளங்களில் தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, டேடோனாவில், ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள். 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று நாஸ்காரின் உச்சப் பிரிவில் வென்ற இரண்டாவது கறுப்பினத்தவர் ஆனார் வாலஸ். அவர் வென்ற தளம் டல்லடேகா, 1973இல் ஸ்காட்டின் எலும்புகள் முறிந்த அதே இடம்.