ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு: நந்திதுர்க் சுரங்கமும் மனிதத் தொடர்பும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும், பிள்ளைகளும் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். அந்த வாரம்தான் என் பேத்தி பள்ளிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாடத்தின் தலைப்பு மனிதத் தொடர்பு. அனுப்புபவர், செய்தி, போகும் வழி, பெறுபவர், பதில் என்று வரிசையாகப் பெட்டிகள் போட்டு, நடுவில் அம்புக்குறிகள். "இதெல்லாம் யாரு தாத்தா கண்டுபுடிச்சது?" என்றாள்.

அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் என்பவர் 1948இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பெட்டிகள் வந்தன என்று சொன்னேன். செய்தி போகிற வழியில் இரைச்சல் சேரும், அதையும் மீறி அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்று கணக்குப் போட்டவர் அவர். பதில் என்கிற பெட்டியைப் பிற்பாடு வந்தவர்கள் சேர்த்தார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் என் அப்பா நினைவுக்கு வந்தார். பெட்டியும் அம்பும் பார்க்காமலேயே இந்தப் பாடத்தை வைத்து முப்பது வருஷம் பிழைத்தவர் அவர்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீட்டில் பிறந்தவன் நான். நந்திதுர்க்கம் என்ற மலை வேறு இடத்தில் இருக்கிறது; 2007 வரை அதுவும் கோலார் மாவட்டம்தான். அந்தப் பெயரைச் சுரங்கத்துக்கு வைத்துவிட்டதால், வெளியூர்க்காரர்கள் எங்களை மலைமேல் இருந்து வந்தவர்கள் என்று நினைப்பார்கள். நாங்கள் இருந்தது மலைக்கு மேலே அல்ல, பூமிக்குக் கீழே.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கே கால் வைத்தது. அதற்குப் பின் வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து சனங்கள் வந்து இறங்கினார்கள். கீழே பெரும்பாலும் தமிழ். கூடவே தெலுங்கு, கன்னடம். மேஸ்திரிக்கு மேலே இங்கிலீஷ். அதிலும் கார்ன்வால் பக்கத்து வெள்ளைக்காரர் பேசுகிற இங்கிலீஷ் மற்ற வெள்ளைக்காரனுக்கே பாதிதான் புரியுமாம். இத்தனை பாஷைக்காரர்களையும் ஒரே கேஜில் ஏற்றி, ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறக்கி, உயிரோடு மேலே கொண்டு வந்தாக வேண்டும். எந்தப் பாஷையில் சொல்வது?

மணியில்தான். அப்பாவுக்கு வேலை, கேஜ் நிற்கும் தளத்தில் மணி அடிப்பது. கேஜை ஓட்டுகிற எஞ்சின் டிரைவர் மேலே தனிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார். கேஜை அவர் பார்க்க முடியாது, அதில் இருக்கிற ஆளையும் பார்க்க முடியாது. எதிரே ஆழம் காட்டுகிற ஒரு முள்ளும், காதில் விழுகிற மணியும்தான் அவருக்குத் துணை. சுரங்கங்களில் பொதுவாக வழங்கும் முறை இது: இரண்டு தட்டு தட்டினால் இறக்கு. மூன்று தட்டினால் ஆள் ஏறப்போகிறது என்று அர்த்தம். மூன்று தட்டின உடனே யாரும் ஏறிவிடக்கூடாது. டிரைவர் அதே மூன்றைத் திருப்பித் தட்ட வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் கேஜுக்குள் கால் வைக்கலாம். "நீ சொன்னது சொன்னதே இல்லடா. அவன் திருப்பிச் சொன்னாதான் சொன்னது" என்பார் அப்பா. புத்தகத்தில் கடைசிப் பெட்டியாக இருக்கிற பதில், சுரங்கத்தில் உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

ஒரு தட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தட்டு தட்டினால் நில். நின்றுகொண்டிருக்கும்போது அதே ஒரு தட்டுக்கு ஏற்று என்று அர்த்தம். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய குழப்பம். நில் என்பதற்கும் நட என்பதற்கும் ஒரே மணியா என்று கேட்டேன். "மணிய மட்டும் கேக்காத, கேஜ் ஓடுதா நிக்குதான்னு பாரு" என்றார். குறி ஒன்றுதான், இருக்கிற நிலையைப் பொறுத்துப் பொருள் மாறும். மொழியியலில் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தை எனக்கு அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஒரே குறிக்கு இரண்டு பொருள் வந்து தங்கவயலே நின்றுபோன கதையும் ஒன்று உண்டு. 1930இல் தொழிலாளிகளைப் பதிவு செய்ய விரல் ரேகை எடுக்கும் ஏற்பாட்டைக் கம்பெனிகள் கொண்டுவந்தன. கம்பெனிக்கு அது ஆள் அடையாளம், அவ்வளவுதான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கைரேகை வாங்கினார். அங்கே அது வாக்குறுதி. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் வந்த பிறகு அது குற்றவாளியின் அடையாளமாகவும் ஆயிற்று. வேலைக்கு வந்தவனிடம் போய் விரலை நீட்டு என்றால் அவன் எதை நினைப்பான்? ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் நடந்த அந்த வேலைநிறுத்தத்துக்குப் பெயர் சொல்லும்படியான தொழிற்சங்கம் கிடையாது, முன்னால் நின்ற தலைவரும் கிடையாது. லைனுக்கு லைன், குழாயடியிலும் கடைவாசலிலும் வாய்மொழியாகவே சேதி போயிருக்க வேண்டும். கம்பெனி மணியைத் தட்டியது சரி. திரும்பி வந்த மணியைக் காது கொடுத்துக் கேட்க மூன்று வாரம் ஆயிற்று என்று நான் நினைத்துக்கொள்வேன்.

படித்தவர்கள் கம்மி, அதனால் எழுத்துக்கு இங்கே வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' (அடுத்த வருஷமே 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது) பத்திரிகைக்குத் தங்கவயலில் வாசகர்கள் உண்டு. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இருந்தது. வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள், பண்டிதர் பத்திரிகையிலேயே விடை எழுதுவார். இதுவும் தட்டும் திருப்பித் தட்டும்தான். அவர் 1914இல் மறைந்தார். பிற்பாடு 1926இல் அதே 'தமிழன்' ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சென்னையிலிருந்து ரயிலேறி வந்த பத்திரிகை, சுரங்கக்காரர் ஊரில் மறுபடி உயிர் பெற்றது. தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தை மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். எங்கள் ஊரையும் ஒரு வரி சேர்க்கலாம்.

தந்தியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லைனில் தந்திச் சேவகர் சைக்கிள் நுழைந்தாலே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள், உறையைப் பிரிக்கக்கூட மாட்டார்கள். 2013இல் தந்திச் சேவையை நிறுத்தியபோது எனக்கு வருத்தமே வரவில்லை.

சங்கு வேறு. ஷிப்டுக்கு ஷிப்டு ஊதுகிற சங்கை வைத்துத்தான் எங்கள் ஊரில் உலை வைப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். நேரம் தப்பி ஊதினால் எல்லோரும் வாசலுக்கு வந்து ஷாஃப்ட் பக்கம் பார்ப்பார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கீழே தண்ணீர் ஏறிவிட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் குடும்பத்தோடு வெளியேறினோம்.

அப்பா அந்த நாளைப் பார்க்கவில்லை. 1994இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது, பேச்சு நின்றுபோனது. எழுதவும் கை வராது. முதல் மாதம் என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது, சொல்ல அவருக்கு முடியாது. கோபத்தில் கண்ணீர் விடுவார். ஒரு நாள் இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு முறை தட்டினார். நாங்கள் முழித்தோம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, முதுகுக்கு வைத்திருந்த தலையணையை உருவி அவரைத் தாழப் படுக்க வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டோம். மூன்று தட்டினால் எழுந்து வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். நாங்களும் கட்டிலில் மூன்று தட்டுவோம். அது கேட்டால்தான் கையைக் கொடுப்பார்.

ஒரு ராத்திரி நானும் தம்பியும் அவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு தட்டு தட்டினார். ஏற்றச் சொல்கிறார் என்று தம்பி இன்னும் தூக்கப் போனான். "டேய், ஓடிட்டு இருக்கும்போது அடிச்சிருக்காரு, நிறுத்துடா" என்றாள் அம்மா. நிறுத்தினோம். அவர் கை, சட்டத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது.