கழுத்தோரக் கோடு

நாடக வரலாறு எழுதுவோர் ஆசிரியரையும் நடிகரையும் பேசுவர். நடிகர் முகத்தில் வண்ணம் பூசிய கைகளைப் பேசார். ஆயினும், பூச்சு திட்டுத்திட்டாகவோ கோடுகோடாகவோ தெரியலாகாது என்ற விதிக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு.

கூத்துக் களரியில் அவ்விதி இருக்கவில்லை. ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சட் கனிமமாகிய அரிதாரத்தின் பெயரே அங்கு ஒப்பனை முழுவதற்கும் பெயராயிற்று. பந்த வெளிச்சத்தில், தொலைவில் இருப்பவனுக்கும் முகம் துலங்கவேண்டும். ஆதலின் முகத்திலிட்ட கோடு குறையன்று. பாத்திரத்தின் குணங்காட்டும் அடையாளம்.

ஒளி மாறவே முறையும் மாறிற்று. 1881இல் இலண்டன் சவோய் அரங்கு மின்னொளி பெற்றது. அவ்வொளியில் ஒவ்வொரு விரற்றடமும் வெளிப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஓபராப் பாடகரான லுட்விக் லைக்னர் 1873இல் பேர்லினில் ஒப்பனைப் பொருட் தொழிலகம் நிறுவியிருந்தார். அவரது கொழுப்புச் சாயக் குச்சியை நெற்றி, கன்னம், மோவாய் எங்கும் கீறி, விரற்சூட்டால் இளக்கி, தாடையைத் தாண்டிக் கழுத்துவரை பரப்பி, மேலே மாவொற்றுவர்.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் (1889–1982) கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையின் வழியே புதிய மேடை நாடகத்தை வளர்த்தார். கூத்தின் குறியீட்டு முகம் பின்தங்கி, இயல்பான மனித முகம் முன்வந்தது.

எவருடைய இயல்பு என்பதே நமது வினா. லைக்னரின் பேர்பெற்ற ஐந்தாம், ஒன்பதாம் எண் குச்சிகள் தந்தவண்ணமும் செங்கற் சிவப்பும் ஆகும். இரண்டையும் கலந்து ஐரோப்பிய முகத்தை ஆக்கினர். அந்நிறத்தை மாநிற முகத்தில் எத்துணை நுட்பமாகப் பரப்பினாலும் கழுத்தோரத்தில் ஒரு கோடு நிற்கும். குறை கையிலன்று, தேர்ந்த நிறத்திலேயே உள்ளது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மணப்பெண்ணை 'வெளுப்பாக' ஆக்கச் சொல்லும் உறவினர் இன்றும் உளர். பள்ளி மேடையிலோ அரசிக்கு வெளிறிய பூச்சும் பணிப்பெண்ணுக்குக் கரும்பூச்சும் வழங்கப்படுகின்றன. வர்க்க வேற்றுமையைத் தோலின் நிறமாகப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் பாடமன்றோ இது?

ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. மாணவியின் தாடையோரத்தில் சிறிது பூசி, மேடை விளக்கின்கீழ் நிறுத்திப் பார்க்கட்டும். கழுத்தின் நிறத்தோடு கரையும் பூச்சே அவளுக்குரியது. அதனை மெல்லிதாக, வெளிநோக்கி, காதும் கழுத்தும் விடாது பரப்பினால் கோடு மறையும். அரசியும் தன் சொந்த நிறத்திலேயே அரசியாக நிற்பாள்.