தடுப்பூசிக்கு முன் சொல்ல வேண்டியவை

2021இல் கண்டி மாவட்டத்தில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் வி கொரோனா தடுப்பூசியின் முதலாவது டோஸைப் பெற்றவர்கள், இரண்டாவதுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. முதலாவதையே மீண்டும் ஏற்றினால் போதாதா? போதாது. முதலாவது டோஸில் அடினோவைரஸ் 26, இரண்டாவதில் அடினோவைரஸ் 5 என இரண்டும் வெவ்வேறு மருந்துகள்.

ஒரு தடுப்பூசி எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அது யாருக்குப் பொருந்தாது என்பதும் அமைகிறது. பிறந்ததும் போடும் பீசிஜி, போலியோ சொட்டு மருந்து, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் ஆகியவற்றில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கிறது. ஆகவே புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், அதிக அளவில் ஸ்டீரொயிட் எடுப்போர் அதை முதலில் சொல்ல வேண்டும். எம்எம்ஆர் கர்ப்பிணிகளுக்கு ஏற்றப்படுவதில்லை. ஏற்றிய பெண் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் இந்த ஊசி சில மாதங்கள் தள்ளிப்போகும்.

ஏற்புவலி, எச்பிவி, சினோபாம் போன்றவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. அவற்றால் அந்த நோய் வராது. ஏற்புவலி ஊசி கர்ப்பிணிகளுக்கே போடப்படுகிறது.

எல்லா ஊசிக்கும் பொதுவான தடை ஒன்றுண்டு: அதே ஊசிக்கோ அதிலுள்ள பொருளுக்கோ முன்பு கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருத்தல். ஊசிக்குப் பின் 20 நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்வது இதற்காகத்தான். லேசான சளியோ இருமலோ தடையல்ல. அதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டால் தோட்டத்துத் தாய்க்கு ஒரு நாட்கூலி வீண். கடும் காய்ச்சல் என்றால் தள்ளிப்போடலாம்.

பாதுகாப்பு குறித்த பயம் முட்டாள்தனமல்ல. குழந்தை மரணங்கள் பற்றிய முறைப்பாடுகளையடுத்து 2008இல் ஐந்து நோய்களுக்கான ஊசி இங்கு நிறுத்தப்பட்டு, ஆராயப்பட்டு, 2010இல் மீண்டும் வந்தது. ஆகவே ஊசிக்குப் பின் அசாதாரணமாக ஏதும் நடந்தால் குடும்ப சுகாதார மாதுவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

யுத்தத்தில் அட்டையைத் தொலைத்த குடும்பங்கள் இன்னமும் உள்ளன. பேராதனைக்குப் படிக்க வரும் வன்னிப் பிள்ளைகளிடமும் அது இல்லாமலிருக்கலாம். பதிவு இல்லையென்றால் ஊசி போடவில்லை எனக் கொள்வதே மருத்துவ வழக்கம். எம்எம்ஆரை ஒருமுறை கூடுதலாக ஏற்றுவதால் தீங்கில்லை. ஏற்புவலி ஊசியைக் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப ஏற்றினால் கை வீங்கும். காயத்துக்காக முன்பு போட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். 2019இல் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த சின்னமுத்து, 2023இல் நாட்டில் மீண்டும் பரவியது.

சிங்களத்தில் விளக்கத் தெரியாதவர்கள் பழைய மருந்துச் சீட்டையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோகலாம்.