புல்லட் வீலும் நாற்பது கம்பியும்

போன மாசம் அப்பாவோட புல்லட்டுக்கு முன் வீல் ரிம் மாத்தினேன். 86 மாடல், பழைய ரிம் துருப்பிடிச்சு உள்பக்கம் செதில் செதிலா உதிர ஆரம்பிச்சிடுச்சு. டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல கொடுத்து புது ரிம், புது கம்பி போட்டு வாங்கினேன். ஸ்டாண்டுல வெச்சு சுத்திக் காட்டினாங்க. கோட்டமே இல்லை, பம்பரம் மாதிரி சுத்திச்சு. எனக்கும் சந்தோஷம்.

தஞ்சாவூர் ரோட்ல அறுபதுல போகும்போதுதான் விஷயம் தெரிஞ்சது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினா வண்டி இடது பக்கமே போகுது. பின்னாடி உட்கார்ந்திருந்தது என் பொண்ணு. பக்கத்துல மணல் லாரி. மீதி தூரத்தை முப்பதுலயே உருட்டிக்கிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்தக் கம்பி வீல் சமாச்சாரத்தைத் தோண்டிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

நம்ம மாட்டுவண்டிச் சக்கரத்தை எடுத்துக்குங்க. குடம், ஆரக்கால், வட்டை, மேலே இரும்புப் பட்டை. பாரம் முழுக்க கீழே இருக்கிற ஆரக்கால் மேல நிக்குது. தூண் மாதிரி. அதனாலதான் அது அவ்வளவு தடிமன். கம்பி வீல் இதுக்கு நேர் எதிர். மெல்லிசான கம்பியை நிக்க வெச்சு அமுக்கினா வளைஞ்சிடும், ஆனா இழுத்தா அசாத்திய பலம். எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டிட்டா வேலை முடிஞ்சது. பாரம் வரும்போது கீழ்க்கம்பியில இழுவிசை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முதல்லயே லூசா கட்டியிருந்தா அந்தக் கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் தொளதொளன்னு ஆகி, இறுகி, திரும்ப தொளதொளன்னு ஆகி, கடைசியில ஹப் பக்கத்து வளைவுல பட்டுனு ஒடியும்.

இந்த யோசனை முதல்ல வந்தது சைக்கிளுக்காக இல்லை, பறக்கிறதுக்காக! ஜார்ஜ் கேய்லின்னு ஒரு இங்கிலாந்துக்காரர், பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைஞ்ச சக்கரம் வேணும்னு 1808-லயே இதை எழுதி வெச்சார். 1869-ல பாரீஸ்ல யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்கு பேட்டன்ட் வாங்கினார். அடுத்த வருஷம் கவன்ட்ரியில ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் ஏரியல் சைக்கிள். ஸ்டார்லி அதுக்கு முன்னாடி தையல் மெஷின் செஞ்ச மனுஷன்.

அவர் செஞ்ச பெரிய காரியம் 1874-ல. அதுவரைக்கும் கம்பி ஹப்பிலிருந்து நேரா வெளியே போகும். பெடலை மிதிச்சா ஹப் முறுக்கும், ரிம் பின்தங்கும். ஸ்டார்லி கம்பிகளைச் சாய்ச்சு, ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டுற மாதிரி கோத்தார். ஒரு பாதி முன்னோக்கி இழுக்கும், மறுபாதி பின்னோக்கி இழுக்கும். இன்னிக்கும் உங்க வீட்டு சைக்கிள்ல பாருங்க, அதே பின்னல்தான். மோட்டார் சைக்கிள் வந்தப்போ செயின் இழுப்பும் பிரேக் பிடிப்பும் பல மடங்கு ஆச்சு. பின்னலை மாத்த வேண்டியிருக்கலை, கம்பியைத்தான் தடிமனாக்கினாங்க.

புல்லட் கதையிலயும் ஒரு வேடிக்கை இருக்கு. அது பிறந்த ரெட்டிச், தையல் ஊசிக்குப் பேர் போன ஊர். ஜார்ஜ் டவுன்சென்ட் 1851-ல அங்கே ஊசித் தொழில் ஆரம்பிச்சார். அந்தக் கம்பெனி அப்புறம் சைக்கிள் பாகங்களுக்குப் போய், கை மாறி, ராயல் என்ஃபீல்டு ஆச்சு. 1901-ல முதல் மோட்டார் சைக்கிள். கம்பியை இழுக்கத் தெரிஞ்ச ஊர், சக்கரம் கட்டினதுல ஆச்சரியம் இல்லை :-) 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூர்ல புல்லட் ஓட ஆரம்பிச்சது. ரெட்டிச் ஆலை 1967-ல மூடிட்டாங்க, நம்ம ஊர் வண்டி நிக்கவே இல்லை.

சரி, மேட்டருக்கு வர்றேன். மறுநாள் எங்க தெருக்கோடி சைக்கிள் கடை பாய்கிட்ட வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனேன். எழுபதைத் தாண்டினவர். வீலைச் சுத்திக்கூடப் பார்க்கலை. ரிம்முக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல இருக்கிற சந்தை ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சு அளந்தார். ஒரு பக்கம் 10 மி.மீ. அதிகம்.

"தம்பி, கோட்டம் இல்லாம இருக்கிறது வேற, நடுவுல இருக்கிறது வேற. பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி அளவு எடுத்தாங்களா?"

எடுக்கலை. ஹப்புல ஒரு பக்கம் பிரேக் டிரம். அதனால ரிம் ஹப்போட நடுவுல நிக்கக் கூடாது, ஃபோர்க்கோட நடுவுல நிக்கணும். டிரம் முகத்துல நேர் பட்டையை வெச்சு, அங்கேருந்து ரிம் விளிம்பு எவ்வளவு தள்ளின்னு குறிச்சுக்கிட்டுத்தான் முதல் கம்பியையே வெட்டணுமாம். அவங்க ஹப் நடுவை நம்பிட்டாங்க. ரிம் 5 மி.மீ. ஒதுங்கி, அந்த ஒதுங்கின இடத்துலயே அழகா சுத்தியிருக்கு. பம்பரம்னு நான் ஏமாந்தது இதைத்தான்.

பாய் டியூபைக் கழட்டிட்டு, ஒரு பக்கத்து இருபது நிப்பிளையும் அரை அரை சுத்து லூஸ் பண்ணி, மறுபக்கத்து இருபதையும் அதே அளவு இறுக்கினார். திரும்ப அளவு. திரும்ப அரை சுத்து. அவசரமே படலை. ஒரேயடியா இழுத்தா ரிம் முட்டை மாதிரி ஆயிடுமாம். நடுவுக்கு வந்தப்புறம்தான் சைடு கோட்டம், மேல்கீழ் கோட்டம் எல்லாம். ரிம்முக்கு வெளியே நீட்டின கம்பி முனையை ராவிட்டார், இல்லைன்னா டியூபைக் குத்தும். மூணு மணி நேரம், நடுவுல ரெண்டு டீ.

கடைசியில நூல் கட்டிப் பார்த்தோம். ரெண்டு டயரும் ஒரே 3.25 சைஸ்ங்கிறதால, பின் டயரைத் தொட்டு முன்னாடி இழுத்த நூல் முன் டயரையும் ரெண்டு இடத்துல தொடணும். தொட்டுச்சு.

"இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா, புதுக் கம்பி உட்காரும்"னார்.

நேத்து போனேன். சின்ன ஸ்பேனரால ஒவ்வொரு கம்பியா தட்டிக்கிட்டே வந்தார். கிணுங் கிணுங்னு வந்த சத்தத்துல ரெண்டு மட்டும் மொத்துனு கேட்டுச்சு. ஆளுக்குக் கால் சுத்து. காசு எவ்வளவு பாய்னு கேட்டதுக்கு, அதான் அன்னிக்கே கொடுத்துட்டியேன்னு சொல்லிட்டு அடுத்த சைக்கிளைத் தலைகீழா நிறுத்திட்டார்.