யாரை யாரோடு எண்ணுவது? தொழில், நிதி, கல்வித் துறைகளின் கணினி மாதிரிகளில் தொகுதி வகுத்தல்

ஆய்வுச் சுருக்கம்

தரவைக் கொண்டு முடிவெடுக்கும் கணினி மாதிரிகள் தவறும்போது சூத்திரத்தின் மீதோ தரவின் பற்றாக்குறை மீதோ பழி விழுகிறது. கணக்குத் தொடங்கும் முன்பே எடுக்கப்படும் ஒரு முடிவு, அதாவது எவற்றை ஒரே தொகுதியாகக் கொள்வது என்னும் முடிவு, இவ்விரண்டையும் விட விளைவு மிக்கது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு, அமெரிக்க வீட்டுக்கடன் தொகுப்புகள், இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி ஆகிய மூன்றும் முதன்மைச் சான்றுகள். இங்கிலாந்திலும் தமிழ்நாட்டிலும் பெருந்தொற்றுக் காலத்தில் மதிப்பெண் கணித்த முறைகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொகுதி, கட்டுப்பாட்டு வரைபடம், கடன் தொகுப்பு, இசட் புள்ளி, தரப்படுத்தல்

1. சிக்கல்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973இல் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர். பெண்கள் 4,321 பேர். ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பார்த்த மாத்திரத்தில் பாகுபாடு என்றே தோன்றும். பிக்கல், ஹாமல், ஓகானல் ஆகிய மூவரும் அந்த விண்ணப்பங்களைத் துறைவாரியாகப் பிரித்து எண்ணி, 1975இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பெண்களுக்கு எதிரான சாய்வு மறைந்து, அவர்கள் பக்கம் சிறு சாய்வு தெரிந்தது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்தார்கள்.

ஒரு விண்ணப்பம்கூட மாறவில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. யாரை யாரோடு வைத்து எண்ணுவது என்பது மாறியதும் விடை தலைகீழாயிற்று. எந்தப் பிரிப்பு சரி என்று அந்தத் தரவு தானாகச் சொல்லாது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கை துறைவாரியாக முடிவாகிறது என்பது தெரிந்தவருக்கே துறைவாரியாகப் பிரிக்கத் தோன்றும். அந்த அறிவு அட்டவணைக்கு வெளியே இருந்து வருகிறது.

இந்த முன்முடிவை இங்கே ‘தொகுதி வகுத்தல்’ என்று குறிப்பிடுவோம். சராசரி, திட்டவிலக்கம், நிகழ்தகவு என எதைக் கணிப்பதற்கும் ஒரு தொகுதி வேண்டும். நிரல் எழுதுபவர் அதைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அந்த ஒரு வரிக்குக் காரணம் கேட்கும் வழக்கம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பொறுத்தே மாதிரிகளின் நன்மை தீமை அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. பட்டறை கற்ற பாடம்

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16 அன்று தம் மேலாளருக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்பினார். அதிலிருந்த படமே கட்டுப்பாட்டு வரைபடத்தின் தொடக்கம். எந்த உற்பத்தியிலும் அளவுகள் சற்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் செய்முறையிலேயே ஊறியதா, தனிக் காரணத்தால் நேர்ந்ததா என்று பிரித்தறிய, சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்டவிலக்கத் தொலைவில் இரண்டு கோடுகள் இடப்படுகின்றன. புள்ளி கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். தாண்டாத வரை இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது.

அந்தக் கோடுகளை எங்கே இடுவது என்பது மாதிரிக்கூறுகளை எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு லேத்துகளில் கடைந்த உருளைகள் ஒரே கூடையில் விழுவதாகக் கொள்வோம். ஒன்றின் விட்டம் 20.00 மில்லிமீட்டரைச் சுற்றியும் மற்றதன் விட்டம் 20.06 மில்லிமீட்டரைச் சுற்றியும் அமைகிறது. கூடையிலிருந்து ஐந்தைந்தாக எடுத்து அளந்தால், லேத்துகளுக்கு இடையிலான வேறுபாடு ஒவ்வொரு ஐந்துக்குள்ளும் புகுந்து, இயல்பான ஏற்ற இறக்கம்போல் கணக்கில் ஏறிவிடும். கோடுகள் விலகிப்போகும். ஒரு லேத்தின் உளி தேய்ந்து விட்டம் மெல்ல நகர்ந்தாலும் வரைபடம் நாள்கணக்கில் அமைதி காக்கும். லேத்வாரியாக எடுத்து அளந்திருந்தால் அதே தேய்மானம் விரைவில் வெளிப்பட்டிருக்கும். இதனால்தான் காரணத்தோடு வகுத்த சிறுதொகுதி என்பதைத் தரக் கட்டுப்பாட்டு நூல்கள் அடிப்படை விதியாக வைத்தன.

இந்த மரபு இந்தியாவுக்குப் புதிதன்று. மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பில் ஷூஹார்ட் 1947–48இல் இங்கே வந்திருக்கிறார். ஜப்பானில் புள்ளியியலாளர் டெமிங் 1950இல் ஆற்றிய உரைகளையொட்டி நிறுவப்பட்ட டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாக, 1998இல், பெற்றது சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

பட்டறையில் தொகுதிப் பிழை நெடுநாள் நிலைக்காததற்கு, அங்குள்ளோர் புள்ளியியலில் தேர்ந்தவர்கள் என்பது காரணமில்லை. அளவு தப்பிய உருளை அடுத்த பிரிவில் பொருந்தாது. அன்றே திரும்பி வரும். எந்த உருளை எந்த லேத்திலிருந்து வந்தது என்பது அங்கே நிற்பவருக்குத் தெரியும். அவர் சொன்னால் கூடையைப் பிரித்துவைக்க அதிகச் செலவும் ஆகாது. பிழையைக் காண்பவரும் அதன் நட்டத்தை ஏற்பவரும் தொகுதியை மாற்றக்கூடியவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். மற்ற இரு துறைகளிலும் இந்த மூவரும் பிரிந்துபோகிறார்கள்.

3. கடன்களின் கூட்டம்

நிதித்துறையில் பிழை எதிர்த்திசையில் நேர்ந்தது. சேர்ந்து நகர்ந்தவை தனித்தனியானவையாக எண்ணப்பட்டன.

நூறு வீட்டுக்கடன்கள், ஒவ்வொன்றும் தவணை தவறும் வாய்ப்பு 5 விழுக்காடு என்று கொள்வோம். இவற்றை ஒரு தொகுப்பாக்கி, முதல் இருபது இழப்புகளை ஒரு பகுதி முதலீட்டாளர் தாங்குவதாகவும், அதற்கு மேற்பட்ட இழப்பு மட்டுமே மேலடுக்கு முதலீட்டாளரைத் தொடுவதாகவும் ஒப்பந்தம் எழுதலாம். கடன்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இருபதுக்கு மேற்பட்டவை தவறும் வாய்ப்பு சுமார் ஐந்து கோடியில் ஒன்று. எல்லாம் ஒரே காரணத்தால் சேர்ந்து விழுபவை என்றால் அதே வாய்ப்பு இருபதில் ஒன்று. கடன் ஒவ்வொன்றின் தரமும் இரு கணக்கிலும் ஒன்றே. ஐந்து கோடிக்கும் இருபதுக்கும் இடையே எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லும் எண் ஒன்றுதான்: கடன்களுக்கு இடையிலான ஒட்டுறவு.

டேவிட் லீ 2000ஆம் ஆண்டு ‘ஜர்னல் ஆஃப் ஃபிக்ஸட் இன்கம்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, காஸியன் காப்புலா என்னும் கணித அமைப்பால் இந்த ஒட்டுறவைக் கையாள ஒரு வழி காட்டியது. கணினியில் நொடியில் முடியும் கணக்கு. எல்லாரும் ஒரே மொழியில் விலை பேச வசதி. வாங்கி விற்போர் அதைப் பற்றிக்கொண்டார்கள். ஃபுளோரிடாக் கடனும் நெவாடாக் கடனும் வெவ்வேறு ஊர்க் கடன்கள். ஆகவே ஒட்டுறவு குறைவு என்பது புழக்கத்திலிருந்த எண்ணம். வீட்டு விலை நாடு முழுவதும் ஏறிக்கொண்டிருந்த காலத்துத் தரவும் அப்படியே சொன்னது. விலை ஏறும்போது தவணை கட்ட முடியாதவர் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாம். தவறுபவர் அவரவர் சொந்தக் காரணத்தால்தான் தவறுவார். விலை இறங்கினால் அந்த வழி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அடைபடும். 2006க்குப் பின் விலை இறங்கியபோது, வெவ்வேறு ஊர்க் கடன்கள் ஒரே தொகுதியாக நடந்துகொண்டன. அந்தச் சரிவில், முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு அளித்தது.

லீயின் சூத்திரமே வால் ஸ்ட்ரீட்டை வீழ்த்தியது என்ற பேச்சு அப்போது பரவியது. டொனால்ட் மெக்கென்சியும் டெய்லர் ஸ்பியர்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுக்கிறது. மாதிரியின் குறைகளைத் துறைக்குள்ளிருந்த கணித வல்லுநர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். நிறுவனங்களுக்கிடையே விலை பேசவும் இலாபத்தைக் கணக்கில் காட்டவும் அது தேவைப்பட்டதால் நீடித்தது என்பது அவர்கள் முடிவு. இக்கட்டுரையின் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. பிழையைக் கண்டவர்கள் உள்ளே இருந்தார்கள். இழப்பைச் சுமந்தவர்கள் வெளியே இருந்தார்கள். கூடையைப் பிரித்துவைக்கச் சொல்லும் ஆள் அந்த அமைப்பில் இல்லை.

4. பரீட்சையும் இசட் புள்ளியும்

கல்வியில் தொகுதிச் சிக்கல் முழு வடிவில் தெரிவது இலங்கையில். கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) உயர்தரப் பரீட்சையில் பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் மாறும். எனவே 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு மூலப்புள்ளிகளின் கூட்டுத்தொகைக்குப் பதில் இசட் புள்ளி பயன்படுகிறது. மாணவரின் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் வருவது அது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே அவரது இடத்தைத் தீர்மானிக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு அருகில் இருப்பவருக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களே வாழ்க்கை.

2011இல் பழைய, புதிய பாடவிதானங்கள் இரண்டிலும் மாணவர்கள் தோற்றினார்கள். வினாத்தாள்கள் வேறு. ஆனால் இசட் புள்ளி இரு சாராரையும் இணைத்துக் கணிக்கப்பட்டது. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். சம எண்ணிக்கையான இரு சாரார். இரு திட்டவிலக்கமும் 15. பழைய பாடவிதானத்தின் சராசரி 40, புதியதன் சராசரி 55. பழையதில் 55 பெற்றவரின் இசட் புள்ளி தனியாகக் கணித்தால் 1.00, புதியதில் 60 பெற்றவருக்கு 0.33. இணைத்துக் கணித்தால் சராசரி 47.5, திட்டவிலக்கம் ஏறத்தாழ 16.8, முன்னவர் 0.45க்கு இறங்க, பின்னவர் 0.75க்கு ஏறுகிறார். முந்தியிருந்தவர் பிந்திவிடுகிறார்.

மாணவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளைச் செல்லாதவையாக்கி, இரு சாராரையும் வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு தனித்தனியே கணிக்கப் பணித்தது.

பிரிப்பதே எப்போதும் நியாயம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. அதே நாட்டில் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரித்ததே அநியாயமாயிற்று. 1971 அனுமதியில் பொறியியலுக்கு 400க்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவர் 227 புள்ளிகளும் பெற வேண்டியிருந்தது. பின்னர் வந்த மொழிவாரித் தரப்படுத்தல், ஒவ்வொரு மொழிப் பரீட்சார்த்திகளையும் தனித் தொகுதியாகக் கொண்டு புள்ளிகளைச் சரிக்கட்டியது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. ‘தரப்படுத்தல்’ என்ற கணிதச் சொல் ஈழத் தமிழரின் பேச்சில் வடுவின் பெயராக நிலைத்தது இப்படித்தான்.

தொகுதியைப் பிரித்துச் சராசரிகளைச் சமன்செய்யும் செயல் 1970களிலும் நடந்தது, 2012இலும் நடந்தது. முன்னது பறித்தது, பின்னது மீட்டுக்கொடுத்தது. இரண்டையும் வேறுபடுத்துவது பிரித்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். தனித்தனியே சமன்செய்யும்போது, இரு தொகுதிகளின் உண்மையான திறன் சமம், வேறுபாடு அளவுகோலில்தான் இருக்கிறது என்று கொள்கிறோம். 2011இல் வினாத்தாள்களே வேறாக இருந்ததால், அளவுகோல் இரண்டு என்பது கண்கூடு. பழைய பாடவிதானத்தில் தோற்றியோர் மீண்டும் எழுதியவர்கள் என்பதால் திறன் சமம் என்பதிலும் ஐயத்துக்கு இடமுண்டு. ஆயினும் வேறு வேறு தாள்களின் புள்ளிகளை நேரடியாக ஒப்பிடுவதைவிட அது தாங்கக்கூடிய அனுமானம். 1970களிலோ ஒரே பாடத்திட்டத்தின் பரீட்சையில் மொழி ஒன்றே அளவுகோல் வேறுபட்டதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

5. பள்ளியின் நிழலும் சொந்தப் பதிவும்

பெருந்தொற்றால் தேர்வு நடக்காத ஆண்டுகள் மூன்றாவது வகைப் பிழையைக் காட்டின. இங்கிலாந்தில் 2020இல் ஏ லெவல் தரங்களைக் கணிக்க, அந்தப் பள்ளியின் முந்தைய மூன்றாண்டு முடிவுகளும் ஆசிரியர் இட்ட தரவரிசையும் பயன்பட்டன. ஆகஸ்ட் 13 அன்று வெளியான முடிவில், ஆசிரியர் மதிப்பீட்டைவிடக் குறைக்கப்பட்ட தரங்கள் 39 விழுக்காட்டுக்கு மேல். ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்த வகுப்புகளில் ஆசிரியர் மதிப்பீடு அப்படியே ஏற்கப்பட்டது. அத்தகைய சிறு வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில் மிகுதி. நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கியது. இங்கே ஒரு மாணவி அவள் அறியாத முன்னாள் மாணவர்களோடு ஒரே தொகுதியாக்கப்பட்டாள்.

தமிழ்நாட்டில் 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என்ற விகிதத்தில் கணிக்கப்பட்டது. நிறைவில்லாதவர்கள் பின்னர் தேர்வெழுத வாய்ப்பும் இருந்தது. இதிலும் குறைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டு மேல்நிலையில் முந்தியவருக்கு இது பாதகம். ஆனாலும் மாணவரை அவரது சொந்தப் பழம்பதிவோடு சேர்த்து எண்ணியது இந்த முறை. ஊராரோடு சேர்த்து எண்ணவில்லை. கணித நுட்பத்தில் இங்கிலாந்தின் மாதிரி மேலானது. ஆனால் ஏற்கத்தக்க தொகுதி தமிழ்நாட்டின் முறையில் இருந்தது.

6. ஒரு மறுப்பு

தொகுதியை மனிதர் வகுப்பதால்தானே பிழை? பெருந்தரவிலிருந்து இயந்திரமே குழுக்களைக் கண்டுபிடிக்கட்டும் என்று கேட்கலாம். குழுவாக்கும் நிரல்கள் நெருங்கியவற்றை ஒன்றாக்குகின்றன. எந்தக் கூறுகளை வைத்து நெருக்கத்தை அளப்பது, எத்தனை குழு என்பவற்றை யாரோ தீர்மானித்தே ஆக வேண்டும். வீட்டு விலை எங்கும் ஏறிய ஆண்டுகளின் தரவை எவ்வளவு கொட்டினாலும், விலை இறங்கினால் எவை சேர்ந்து விழும் என்பது அதிலிருந்து வராது. தரவு பெருகும்போது தற்செயல் பிழை குறையும். தொகுதிப் பிழை அப்படியே நிற்கும், கூடுதல் உறுதியோடு.

7. முடிவுரை

மனிதரைத் தொடும் எந்த மாதிரிக்கும் மூன்று கடமைகளை விதிக்கலாம். தொகுதி எப்படி வகுக்கப்பட்டது, ஏன் என்பதை முடிவோடு சேர்த்து வெளியிட வேண்டும். நியாயமான மாற்றுத் தொகுதிகளைக் கொண்டும் கணக்கிட்டு, யார் ஏறுகிறார் யார் இறங்குகிறார் என்று காட்ட வேண்டும். இன்றைய கணினிக்கு இது சில நொடி வேலை. பாதிக்கப்பட்டவர் தொகுதியை எதிர்த்து முறையிட ஓர் இடம் வேண்டும்.

முதல் இரண்டையும் வல்லுநரே செய்துவிடலாம். மூன்றாவதே அரிது, அதுவே மற்ற இரண்டுக்கும் உயிர். லேத்தின் முன் நிற்பவருக்கு அது இயல்பாகவே அமைந்திருக்கிறது. கடன் தொகுப்பின் மேலடுக்கை வாங்கிய ஓய்வூதிய நிதியின் உறுப்பினருக்கு, தம் பணம் எதோடு சேர்த்து எண்ணப்பட்டது என்பதே தெரியாது. 2011இல் உயர்தரம் எழுதிய மாணவர்களுக்கு அது எளிதில் கிட்டவில்லை. நீதிமன்றப் படி ஏறித்தான் பெற்றார்கள். இசட் புள்ளியின் சூத்திரத்தை அவர்கள் எதிர்க்கவில்லை. எங்களை யாரோடு சேர்த்து எண்ணினீர்கள் என்றே கேட்டார்கள்.